கெக்கொனனைத் தெரியுமா?

ஒரு ஜனநாயக நாட்டில் ஒரே மனிதர் கிட்டத்தட்ட 26 வருஷம் ஜனாதிபதியாக இருந்தார், தெரியுமா? பின்லாந்தின் உர்ஹோ கெக்கொனன்தான் அவர்! 1956 மார்ச்சில் அவர் பதவியேற்றபோது பிறந்த குழந்தைகள், 1982 ஜனவரியில் அவர் விலகியபோது கல்யாண வயதைத் தாண்டியிருந்தார்கள்!

இத்தனை நீண்ட ஆட்சி எப்படித் தொடங்கியது தெரியுமா? ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் 300 பேர். கெக்கொனனுக்கு 151, எதிராளி ஃபாகர்ஹோல்முக்கு 149. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தாலும் சமநிலை!

தேர்தலில் மட்டுமல்ல, மைதானத்திலும் மனிதர் தாண்டுவதில் கெட்டிக்காரர். 1924-இல் உயரம் தாண்டுதலில் பின்லாந்தின் சாம்பியன் அவர். தாண்டிய உயரம் 1.85 மீட்டர்!

சரி, சௌனா என்ற நீராவிக் குளியலறைக் கதை தெரியுமா? அதுதான் சுவாரசியமே! 1960 செப்டம்பரில் கெக்கொனனுக்கு 60 வயது. பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர் யார்? சோவியத் தலைவர் குருஷ்சேவ்! விருந்து முடிந்ததும் விருந்தாளியை சௌனாவுக்கு அழைத்துப்போனார் கெக்கொனன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். பக்கத்து வல்லரசின் தலைவரோ ஆவி பறக்கும் மர அறைக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்கிறார்! விடியும்வரை பேச்சு நீண்டது. மேற்கு ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பான எஃப்டாவோடு பின்லாந்து உறவு வைத்துக்கொள்வதில் மாஸ்கோவுக்கு அதுவரை சந்தேகம். அந்த வருகைக்குப் பிறகு அந்தச் சந்தேகம் தளர்ந்தது; 1961-இல் பின்லாந்து எஃப்டாவின் இணை உறுப்பினர். வியர்வைக்கு அவ்வளவு சக்தியா என்று கேட்காதீர்கள். பேச்சுவார்த்தை மேஜையில் மட்டும் நடப்பதில்லை என்று கெக்கொனனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது!

1975-இல் 35 நாடுகளின் தலைவர்களை ஹெல்சிங்கியில் கூட்டி, ஐரோப்பியப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தார். அதே ஆண்டு, உயிரோடு இருக்கும்போதே, பின்லாந்தின் 500 மார்க்கா நோட்டில் அவர் முகம்!

இவ்வளவு புகழுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1973-இல் தேர்தலே வைக்காமல், தனிச் சட்டம் போட்டு அவர் பதவிக்காலத்தை நாலு வருஷம் நீட்டியது நாடாளுமன்றம். ஆதரவு 170, எதிர்ப்பு 28 தான்! ஜனநாயகம் என்று சொல்லிக்கொண்டு இப்படியா என்று அன்றே சிலர் முணுமுணுத்தார்கள், நியாயமாகத்தான். 1991-இல் பின்லாந்து சட்டத்தைத் திருத்தியது: இனி எந்த ஜனாதிபதியும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது!