நிறம் பல்பில் இருக்கட்டும்

டீ சூடாக இருக்கிறது தம்பி, மெதுவாகக் குடியுங்கள். நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான், பதில்தான் கொஞ்சம் நீளம். வண்டியின் இண்டிகேட்டர் மூடி வெள்ளையாக இருக்கிறது, அதை வீட்டிலேயே மஞ்சளாக்க வழி உண்டா என்கிறீர்கள். இதையே வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகிற பையனுக்கு பைக்கின் பின் விளக்கைக் கருக்கலாக்க வேண்டும். வடக்கே லோடு போகிற ஓட்டுநருக்கு ஹெட்லைட் மஞ்சளாக வேண்டும். கார் வாங்கியவருக்கு முன்னால் நீல வெளிச்சம் தெரிய வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். சேசிஸாக வருகிற வண்டி முழு லாரியாக வெளியே போகிற ஊர் நாமக்கல். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக் கதை இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் நாடு முழுக்கப் போகின்றன. பாடி கட்டும் பட்டறையில் நெற்றிக்கு மேலே வரிசையாகக் கலர் பல்பு வைப்பதும், கேபினுக்குள் சாமி படத்துக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிய விடுவதும் இங்கே ஒரு கைத்தொழில். ஆடி மாத மாரியம்மன் பண்டிகையில் டியூப் லைட்டைச் சுற்றிக் கலர் பேப்பர் ஒட்டித் தெருவையே சிவப்பும் பச்சையுமாக்குகிறவர்கள் நாம். அதே பேப்பரை வண்டி விளக்கில் ஒட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். தெரு விளக்கு அழகுக்கு, வண்டி விளக்கு பின்னால் வருகிறவன் உயிருக்கு. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெயிண்டோ பேப்பரோ வெளிச்சத்துக்கு நிறத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற வெளிச்சத்திலிருந்து மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு, மிச்சத்தை வெளியே விடுகிறது. சிவப்புத் தாள் என்றால் நீலத்தையும் பச்சையையும் தின்றுவிடும், சிவப்பை மட்டும் விடும். ஆகவே எந்த விளக்கின் மேல் எந்த நிறம் பூசினாலும் வெளிச்சம் குறையும். கூடுவது ஒருநாளும் நடக்காது. தின்ற வெளிச்சம் எங்கே போகிறது? சூடாக மாறி அந்தப் பூச்சிலேயே தங்குகிறது.

அடுத்தது, பல்பில் இல்லாத நிறத்தைப் பூச்சு வெளியே கொண்டுவர முடியாது. பழைய இழை பல்பு எரியும்போது அதில் சிவப்பும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், நீலம்தான் குறைவு. அதனால் அதன் முன்னால் சிவப்பு மூடி வைத்தால் நல்ல சிவப்பு கிடைக்கும். இப்போது எல்லோரும் வாங்கிப் போடுகிற வெள்ளை எல்.இ.டி. அப்படி இல்லை. அது உள்ளுக்குள் நீல விளக்கு. மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் கொஞ்சம். வெள்ளை எல்.இ.டி.க்கு முன்னால் சிவப்பு மூடி வைத்தால் பெரும்பங்கு வெளிச்சம் மூடியிலேயே செத்துப்போகும், வெளியே வருவது மங்கலாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சிவப்புக் கலர் பேப்பரை முதலில் செல்போன் டார்ச் முன்னால் பிடித்துப் பாருங்கள், பிறகு பழைய குண்டு பல்பு முன்னால் பிடியுங்கள். சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்.இ.டி., ஆரஞ்சு மூடிக்கு ஆரஞ்சு எல்.இ.டி. என்று போடச் சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் இண்டிகேட்டருக்கு வருவோம். வெள்ளை மூடியோடு கம்பெனியே விற்கிறதே, அதற்குள் நிறம் எங்கிருந்து வருகிறது? பல்பின் கண்ணாடியே ஆரஞ்சு. உங்கள் வண்டியில் அந்தப் பல்பு ஃபியூஸ் ஆனபோது யாரோ வெள்ளைப் பல்பு போட்டிருப்பார்கள், அல்லது ஆரஞ்சுப் பூச்சு உதிர்ந்து வெளுத்திருக்கும். மலிவான பல்புகளில் அந்தப் பூச்சு சூட்டில் செதில் செதிலாகக் கழன்றுவிடும்.

இதில் செய்தவர்களின் அறிவை நினைத்து நான் வியக்கிற இடம் ஒன்று உண்டு. கார், லாரிகளில் போடும் 21 வாட் பல்பின் அடியில் இரண்டு பக்கமும் சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பல்பில் இரண்டு முள்ளும் நேரெதிரே, 180 டிகிரியில் இருக்கும். ஆரஞ்சுப் பல்பில் வேண்டுமென்றே சற்று விலக்கி 150 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஆரஞ்சுக்கான ஹோல்டரில் வெள்ளைப் பல்பு உட்காரவே கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நிறம் மாறினால் ஆள் சாவான் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது. அவசரத்துக்கு அந்த முள்ளை அரத்தால் தேய்த்து வெள்ளைப் பல்பைச் செருகிவிடுகிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். பழைய பல்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே முள் அமைப்பில் ஆரஞ்சுப் பல்பு கேளுங்கள். பைக்கில் பெரும்பாலும் 10 வாட் பல்பு. வேலை அவ்வளவுதான், மூடியைத் தொடவே வேண்டியதில்லை.

எல்.இ.டி. போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக மினுக்குகிறது என்று சிலர் வருவார்கள். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் இழுக்கும். பழைய ஃப்ளாஷர் அதைப் பார்த்து பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான ஃப்ளாஷர் மாற்றினால் சரியாகிவிடும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்குவதுதான் முறை.

ஆரஞ்சு நிறம் எதற்கு இவ்வளவு முக்கியம்? பின்னால் எரிகிற சிவப்பு பிரேக்கா, திரும்புகிறானா என்று பின்னால் வருகிறவன் ஒரு கணம் யோசித்தால் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். அமெரிக்காவில் பின் இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், ஆரஞ்சாகவும் இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அங்கே நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரஞ்சு உள்ள வண்டிகள் திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 5 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். வெறும் நிறத்தால் வந்த வித்தியாசம் அது.

பின் விளக்கைக் கருக்கலாக்குகிற பையன்களிடம்தான் எனக்கு மன்றாட வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் ஒட்டித் தருகிற கருப்பு ஃபிலிம் பாதி வெளிச்சத்தை விடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எரிகிற விளக்கு பாதியாகும், சரி. அந்த மூடியிலேயே இன்னொரு சாமான் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பல்பு எரியாவிட்டாலும் பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டர். அந்த வெளிச்சம் ஃபிலிமைக் கடந்து உள்ளே போக வேண்டும், திரும்ப அதே ஃபிலிமைக் கடந்து வெளியே வர வேண்டும். பாதியில் பாதி, கால் பங்குதான் மிஞ்சும். இன்னும் கருமையான ஃபிலிம் கால் பங்கு வெளிச்சம்தான் விடும் என்றால், ரிஃப்ளெக்டருக்குப் பதினாறில் ஒரு பங்கு. சேலம் நாமக்கல் நாலுவழிச் சாலையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓரமாக நிற்கிற வண்டியை, பேட்டரி போயிருந்தாலும், காட்டிக்கொடுப்பது அந்த ரிஃப்ளெக்டர்தான். லாரிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிர்பட்டை ஒட்டச் சொல்வதும் இதற்காகவே. எஃப்.சி. காட்டுகிற நாளில் பிரேக் இன்ஸ்பெக்டருக்காக ஒட்டிவிட்டு, அப்புறம் சேறு படிய விட்டுவிடுகிறோம்.

ஹெட்லைட் மஞ்சள் விஷயம் வேறு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, நிறைய நம்பிக்கையும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி, பஞ்சாப் போகிற நம் ஓட்டுநர்கள் பனிமூட்டத்துக்கு மஞ்சள் தாள் ஒட்டுவதுண்டு. மஞ்சள் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது பேச்சு. வானம் நீலமாக இருப்பதற்குச் சொல்கிற காரணத்தை இதற்கும் பொருத்திவிட்டார்கள். காற்றின் மூலக்கூறு ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சின்னது, அதனால் நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது. பனித்துளி அப்படியில்லை, அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஏற்காடு போகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் மூட்டத்தில் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் நிற்கும். மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் மஞ்சள் சுவர் நிற்கும். நீலம் குறைவதால் கண்ணில் கூச்சம் குறைகிறது, அந்த அளவில் ஓட்டுநருக்கு இதமாக இருப்பது உண்மை. பிரான்ஸில் 1936-ல் சட்டம் போட்டு எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே விதி வந்தபோது 1993-ல் அதைக் கைவிட்டார்கள். மூட்டத்தில் உதவுவது நிறமல்ல, உயரம். பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக, சாலையை மட்டும் பார்க்கிற ஃபாக் லைட்தான் உதவும். அது வெள்ளையாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம், விதி இரண்டையும் ஏற்கிறது. மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சளாகவே செய்து வருகிற ஃபாக் லைட்டை வாங்கிப் போடுங்கள்.

ஹெட்லைட் மூடியில் பிரஷ்ஷால் பூசினால் என்ன ஆகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான லோ பீமில் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு கிழித்தது போல எல்லை இருக்கும், அதற்கு மேல் எதிரே வருகிறவன் கண். பூச்சின் மேடு பள்ளத்தில் பட்டு வெளிச்சம் தாறுமாறாகச் சிதறும், அந்த எல்லை அழிந்துபோகும். எதிரே வருகிறவனுக்குக் கூசாமல் இருக்கட்டும் என்று பூசியதே அவன் கண்ணைக் குருடாக்கும், நமக்கும் சாலை தெரியாது. முன்பு பஸ், லாரி ஹெட்லைட் நடுவே கருப்புப் பொட்டு வைப்பார்கள், போலீஸே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதும் உண்டு. கூச்சத்தைக் குறைக்க நினைத்த நல்லெண்ணம் அது. ஆனால் கூச்சத்தின் காரணம் பெரும்பாலும் ஹெட்லைட் பார்க்கிற கோணத்தில் இருக்கிறது. பின்னால் பாரம் ஏற்றினால் மூக்கு தூக்கும், வெளிச்சம் மேலே ஏறும். சுவரைப் பார்த்து நிறுத்தி, ஆட்டோ எலக்ட்ரிஷியனிடம் கோணத்தைச் சரிபார்ப்பதும், எதிரே ஆள் வந்தால் டிம் அடிப்பதும் அந்தப் பொட்டைவிடப் பயன் தரும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் கிளம்புமுன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

சரி, மூடியில் பூசியே தீருவேன் என்கிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது? இன்றைய மூடி கண்ணாடி அல்ல. ஹெட்லைட்டுக்கு பாலிகார்பனேட், பின் விளக்குக்குப் பெரும்பாலும் அக்ரிலிக். தின்னர் கலந்த பெயிண்ட் பட்டால் இரண்டிலும் மயிரிழை போல வெடிப்பு ஓடும். ஹெட்லைட் மேல் கம்பெனி பூசிய வெயில் தடுப்புப் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் அது போய்விடும், மறு வருஷமே மூடி பழுத்து மங்கிவிடும். சாயமும் நிற்காது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை தானாக வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் கலர் பேப்பரும் கண்ணாடிப் பெயிண்டும் அந்த வழியில்தான் போகும். ஹாலஜன் பல்பின் மேலேயே பூசலாமா என்று கேட்பார்கள். அந்தக் கண்ணாடி எரியும்போது 250 டிகிரிக்கும் மேல் சூடாகும், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கே அதன் ஆயுளைக் குறைக்கும். அதைத் தொடாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதி, வண்டிக்கு முன்னால் சிவப்பு தெரியக் கூடாது, பின்னால் சிவப்பைத் தவிர வேறு தெரியக் கூடாது என்கிறது. இண்டிகேட்டரின் ஆரஞ்சுக்கும், ரிவர்ஸ் லைட்டுக்கும், நம்பர் பிளேட் வெளிச்சத்துக்கும், வண்டிக்குள் எரிகிற விளக்குக்கும் விலக்கு உண்டு. அமைச்சர்கள், அதிகாரிகள் வண்டியின் சிவப்புச் சுழல் விளக்கை 2017 மே 1 முதல் எடுத்ததும் இதே விதியைத் திருத்தித்தான். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் 2019-ல் திருத்திய 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

கை அரிக்கிறது, கலர் பண்ணியே ஆக வேண்டும் என்றால் கேபினுக்குள் பண்ணுங்கள். சாமி படத்து விளக்குக்கும், கூரை விளக்குக்கும் சூடாகாத சின்ன எல்.இ.டி. போட்டு, அதன் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தண்ணீரில் கரையும் கண்ணாடிப் பெயிண்டை மெல்லிசாக இரண்டு மூன்று கை பூசலாம். முன் கண்ணாடியில் அதன் பிம்பம் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெயில் லைட்டுக்குக் கருப்பு ஃபிலிம் கேட்டு ஒரு பையன் வந்தால், வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டேங்க்கில் ஒட்டுங்கள், மட்கார்டில் ஒட்டுங்கள், அவன் விரும்புகிற பெயரை எழுதிக் கொடுங்கள். பின்னால் இருக்கிற அந்தச் சிவப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.