கடற்காற்றும் பிறேக்கின் கறளும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதுமொழி. ஓடத் தொடங்கிய தேர் நில்லாவிடின் என்னாகும்? மோட்டார் வண்டியை ஓட்டும் இயந்திரத்தினும் அதனை நிறுத்தும் பிறேக்கே இன்றியமையாதது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் யாவும் கடலை அடுத்தவை. இங்கு யன்னற் கம்பியும் கிணற்றுக் கப்பியும் விரைவிற் கறள் பிடித்தலைப் பலரும் கண்டிருப்பர். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடுமிடத்துக் கறள் பிறக்கின்றது. உப்புக் கலந்த ஈரம் மின்னை எளிதிற் கடத்துமாதலின், அம்மாற்றத்தை விரைவுபடுத்துகின்றது.

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனர் கார் இலங்கையில் இன்றும் ஓடக் காண்கிறோம். அதன் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை ட்றம் பிறேக்குகளே. சாரதி மிதியை அழுத்தியதும் பிறேக் எண்ணெய் மெல்லிய குழாய்வழியே சென்று சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகின்றது. பிறை வடிவான ‘சூ’க்கள் விரிந்து, சுழலும் ட்றம்மின் உட்புறத்தை உராய்ந்து நிறுத்துகின்றன.

இவ்வுறுப்புகளுட் கறள்தடுப்புப் பூச்சு பெறத்தக்கவை ட்றம்மின் வெளிப்புறமும் ‘சூ’க்களைத் தாங்கும் பின்தகடுமே. முதலில் நன்னீராற் கழுவி உப்பை அகற்றல் வேண்டும். பழைய உராய்வுப் பட்டைகளிற் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் உலர்ந்த தூசியை ஊதாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க. பின்னர்க் கறளைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை நீக்கி, நன்கு உலர்த்துக. கறளின்மேலே பூசினால் அது உள்ளே பொருமிப் பூச்சையே உரித்துவிடும்.

அடிப்பூச்சாகத் துத்தநாகம் செறிந்த பூச்சு சிறந்தது. தம்பிக்கு விழும் அடியைத் தமையன் தாங்குதல்போல, துத்தநாகம் தான் அரிப்புண்டு இரும்பைக் காக்கின்றது. அதன்மேல் வெப்பந் தாங்கும் வர்ணம் பூசலாம்.

பூசத்தகாத இடங்களை அறிதலே பெரிது. ட்றம்மின் உட்புறம், உராய்வுப் பட்டை, பிஸ்டன், றப்பர் உறுப்புகள் ஆகியவற்றில் ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிறேக் பிடிமானம் குன்றும், அல்லது இறுகிவிடும். சக்கரம் வந்து பொருந்தும் முகத்திலும் தடித்த பூச்சு ஆகாது. அது நசுங்கினால் சுரைகள் தளரக்கூடும்.

வர்ணம் எட்டாத பகை ஒன்றுண்டு. வழக்கமான பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரம் சிலிண்டரையும் உருக்குக் குழாயையும் உள்ளிருந்தே அரிக்கின்றது. அவ்வெண்ணெயை ஏறத்தாழ இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நலம். அது சிந்தினால் சாதாரண வர்ணத்தையும் கரைத்துவிடும். உடனே நீரூற்றிக் கழுவுக. அரிப்புண்ட குழாயை வர்ணத்தால் மறைத்தல் கூடாது, மாற்றியே ஆகவேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கடற்கரைக்கு ஏற்றது.

வேலை முடிந்தபின் கைதேர்ந்த திருத்துநர் ஒருவர் பார்வையிட்டு, ஆளரவமற்ற இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்கட்டும். மனைவி மக்களை ஏற்றுவது அதன் பின்னரே. பழைய வண்டியைப் போற்றுவோர் அதன் மேனியைத் துலக்குவதில் நாட்களைச் செலவிடுகின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் சக்கரங்களைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஒதுக்குவாராக.