லாயர் ஆக இன்னொரு வழி

"லாயருக்குப் படிக்கணும்னா சீமைக்கில்ல போகணும், நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அது உண்மைதான். மலாயாப் பல்கலைக்கழகமே 1972-இல்தான் சட்டம் கற்பிக்கத் தொடங்கியது.

எஸ்டிபிஎம்மில் நன்றாகத் தேறி அங்கே இடம் கிடைத்தால் பிரச்சினையில்லை. கிடைக்காத பிள்ளை மூலையில் உட்கார வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிமாணவர்களுக்கும் பட்டம் தருகிறது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று இங்கிருந்தபடியே அதன் சட்டப் பட்டத்தை வாங்கலாம்.

ஆனால் பட்டம் வந்தவுடன் லாயர் ஆகிவிட முடியாது. 1984 முதல் சிஎல்பி என்றொரு தேர்வு இருக்கிறது. சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம் என்று மொத்தம் ஐந்து தாள். கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் தடுக்கி விழுவதுண்டு.

அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. எல்லாப் பட்டத்தையும் சிஎல்பிக்கு ஏற்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பட்டம் என்று கல்லூரிக்காரர் பளபளப்பான தாளை நீட்டுவார். மயங்கிவிடாதீர்கள். இந்தப் பட்டம் செல்லுமா, பிள்ளையின் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்ச்சி போதுமா என்று கோலாலம்பூரிலுள்ள சட்டத்தொழில் தகுதி வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகு காசைக் கட்டுங்கள். பிள்ளை படிப்புக்கு ஊழியர் சேமநிதியில் எடுக்கும் பணம் நம்முடைய கிழவயதுக் கஞ்சி அல்லவா!

சிஎல்பி தேறிய பின் ஒன்பது மாதம் மூத்த லாயரிடம் பயிற்சி. அனுமதியில்லாமல் வேறு வேலை பார்க்கக்கூடாது; கிடைக்கும் படியோ சொற்பம். பட்டணத்து அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். இதை முன்கூட்டியே கணக்குப் போடாத குடும்பங்கள் கடைசி நேரத்தில் திண்டாடுகின்றன.

பிழைப்பு எப்படி? நம் நாட்டில் பத்திரம் எழுதும் லாயர், கோர்ட்டில் பேசும் லாயர் என்று பிரிவு இல்லை. ஒருவரே இரண்டும் செய்யலாம். வீடு வாங்கல் விற்றல், வங்கிக் கடன் பத்திரம், சாலை விபத்து நஷ்டஈடு இவைதான் சிறிய அலுவலகங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம், குறைவாகத்தான் இருக்கும். சிஎல்பி தேறாதவர்களையும் வங்கி, காப்புறுதிக் கம்பெனிகளின் சட்டப் பிரிவில் எடுக்கிறார்கள்.

நமக்கும் இதில் சுயநலம் உண்டு. வேலைநீக்க வழக்கில் தொழில் நீதிமன்றம் வரை சங்க அதிகாரிகளாகிய நாங்களே தொழிலாளிக்காக வாதாடலாம். அதே வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் நாங்கள் பின்பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அங்கே எழுந்து பேச லாயர் வேண்டும்.