முப்பதாவது வாரம் வரை யார் பொறுப்பு?

பேறுகாலப் பலன் சட்டம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது 26 வாரம். 2017-ல் செய்த திருத்தம், சம்பளத்துடன் கூடிய 12 வார விடுப்பை அந்த அளவுக்கு உயர்த்தியது. பாராட்ட வேண்டிய மாற்றம்தான். ஆனால், விடுப்பு என்பது வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு. வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்குப் போகும் நாட்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டுப் பேறுகாலப் பலன் சட்டத்தின் 4-வது பிரிவில் பதில் இருந்தது. கடுமையான வேலை, நெடுநேரம் நிற்க வேண்டிய வேலை, கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய வேலை எதையும் கர்ப்பிணியிடம் வாங்கக் கூடாது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள். அவரே வாய்திறந்து கேட்க வேண்டும். அதோடு, பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கு முந்தைய ஒரு மாதம், இவ்வளவுதான் பாதுகாப்புக் காலம். ஏறக்குறைய 30-வது வாரத்தில்தான் அது தொடங்குகிறது.

இதே சட்டம் 26-வது வாரம் வரை நேரும் இழப்பையே கருச்சிதைவு என்றது. ஆக, கருச்சிதைவைத் தடுக்கும் கடமை, அந்தக் காலம் கடந்த பிறகுதான் முதலாளிக்கு வந்து சேருகிறது. கரு கலைந்தால் சம்பளத்துடன் ஆறு வார விடுப்பு உண்டு. கலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் காலக்கெடு நகரவில்லை.

வெயில் காத்திருக்காது

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெக்கையான இடங்களில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் வேலை பார்த்த இடங்களில் அவ்வளவு வெப்பம் இல்லை. வெக்கையில் உழைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு. மற்றவர்களில் 2 சதவீதம்.

உடல் சூடாகும்போது அதைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் பாய்கிறது. வியர்வையில் நீர் வற்றுகிறது. கழிப்பறை இல்லாத இடத்தில், தண்ணீர் குடிப்பதையே பெண்கள் குறைத்துக்கொள்கிறார்கள். இவை எதுவும் 30-வது வாரத்துக்காகக் காத்திருப்பதில்லை.

எக்ஸ்ரே அறையில் முடிகிறதே!

முதல் மாதங்களிலேயே முதலாளியைப் பொறுப்பாக்குவது நடக்காத காரியமா? எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் அறைகளில் அது நடக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண் தான் கர்ப்பம் என்று தெரிவித்ததும், மீதிக் கர்ப்பகாலம் முழுவதும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு சேராதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இது. அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. வேலையை மாற்றச் சொல்கிறது.

பிரிட்டனில் 1999-ம் ஆண்டு விதிகள் இதை எல்லா வேலைக்கும் பொருத்துகின்றன. எழுத்தில் தெரிவித்ததும், ஆபத்தைத் தவிர்க்க வேலை முறையையோ நேரத்தையோ மாற்ற வேண்டும். முடியாவிட்டால் தகுந்த மாற்று வேலை. அதுவும் முடியாவிட்டால் சம்பளத்துடன் ஓய்வு.

கேட்கத் துணிவது யார்?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணோ, மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணோ வயிறு தெரியும்வரை விஷயத்தை மறைப்பதில் ஆச்சரியமில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். இத்தனைக்கும் பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 2017 திருத்தம். உங்கள் வேலை நியமனக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என 2021-ல் சட்டம் வந்தது. கர்ப்பிணிக்கும் முதல் தேவை அதுதான்: ஒரு ஸ்டூல், அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி, குடிதண்ணீர், பாரம் தூக்காத வேலை, ரசாயன நெடி இல்லாத பிரிவு. பெரும்பாலும் பணம் கேட்காத ஏற்பாடுகள்.

சூளைகளில் சிக்கல் இன்னும் ஆழம். முன்பணம் வாங்கிக் குடும்பமாகச் சேர்ந்து கல் அறுக்கிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவன் பெயரில் கணக்கு ஓடும் இடத்தில், மனைவி தொழிலாளி என்பதற்கே ஆதாரம் கிடையாது. பலன் பெற 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

ஆனால், அவர் கர்ப்பம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஆதாரம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்காக 12 வாரத்துக்குள் கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, பிக்மி எனப்படும் பதிவு எண்ணை வாங்குகிறார்கள். முதலாளியின் கடமை அந்த எண் கிடைக்கும் நாளில் தொடங்கட்டும். பதினெட்டு வாரம் முன்னதாகவே பாதுகாப்பு வந்துவிடும். புதிய அலுவலகமோ புதிய படிவமோ வேண்டாம். சுகாதாரத் துறையின் பதிவேட்டைத் தொழிலாளர் துறையும் மதித்தால் போதும்.