பெட்ரோலின் பொறுமை எண்

பங்கில் வண்டியை நிறுத்தியதும் "நார்மலா, பவரா?" என்று கேட்பார்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அந்த அவசரத்தில் பாதிப் பேர் "நார்மல்" என்பார்கள். மீதிப் பேர், வண்டி புதுசாயிற்றே, லிட்டருக்குச் சில ரூபாய்தானே என்று விலை கூடியதைப் போடச் சொல்வார்கள். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும் என்று மூன்று நம்பிக்கைகள் அந்தச் சில ரூபாயின் மேல் நிற்கின்றன. பம்பின் மேல் எழுதியிருக்கும் 91, 95, 100 என்ற எண்கள் இந்த மூன்றில் எதையுமே சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அவை பெட்ரோலின் பொறுமையைச் சொல்கின்றன.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கினாலே சூடேறும். அப்போது ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. பெட்ரோல் 'குப்'பென்று ஒரே கணத்தில் வெடித்துவிடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பிளக்கின் முனையில் பிறக்கும் தீ ஒரு மெல்லிய சுவர்போல் நகர்ந்து, எதிர்ப்பக்க மூலை வரை எரித்துக்கொண்டே போகிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இது நொடிக்கு 25 முறை நடக்கிறது.

சிக்கல் அந்தக் கடைசி மூலையில்தான். முன்னால் எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. அதன் சூடு ஏறிக்கொண்டே போகிறது. தீச்சுவர் வந்து சேரும்வரை அந்தக் கலவை காத்திருந்தால் நல்லது. காத்திருக்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அழுத்த அலை ஒன்று கிளம்பி உலோகத்தில் மோதும். ஏற்றத்தில் டாப் கியரில் வண்டி திணறும்போது கேட்கும் 'கிடு கிடு' சத்தம் அதுதான். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' (தட்டுதல்) என்பார்கள். பிஸ்டன் உலோகத்தை ஒட்டி, சற்றே குளிர்ந்த வாயு ஒரு மெல்லிய போர்வையாகக் கிடந்து அதைக் காத்துவருகிறது. மோதும் அலை அந்தப் போர்வையைக் கிழித்து எறிந்துவிடும். இது தொடர்ந்தால் அலுமினியப் பிஸ்டனின் தலை உருகி ஓட்டையே விழுந்துவிடும்.

சில பெட்ரோல் காத்திருக்கும், சில காத்திருக்காது. காரணம் மூலக்கூறின் வடிவம். ஏழு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நேர் சங்கிலி ஹெப்டேன். சங்கிலி நீளமானால் எளிதில் வளையும். அதில் ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன் வளைந்து, அதே சங்கிலியின் வேறோரிடத்து ஹைட்ரஜனைப் பறித்துவிடும். அங்கிருந்து தொடர்வினை கிளம்பும். ஐசோ ஆக்டேனில் எட்டு கார்பன்கள் இருந்தாலும் அவை கிளை கிளையாகப் பிரிந்து குட்டையாக நிற்கின்றன. வளைய இடமில்லாததால் அது எளிதில் பற்றுவதில்லை.

1926-ல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இந்த இரண்டையும் அளவுகோலின் இரு முனைகளாக வைத்தார். ஹெப்டேனுக்கு 0, ஐசோ ஆக்டேனுக்கு 100. அளவுகோல் என்றால் சுத்தமான ஹெப்டேன் வேண்டும். அது கச்சா எண்ணெயிலிருந்து வரவில்லை, ஒரு மரத்திலிருந்து வந்தது. கலிபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினை வடித்தால் ஏறக்குறைய கலப்பில்லாத ஹெப்டேன் கிடைக்கும். மற்றப் பைன் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுப்பதுபோல் இதையும் விவரம் தெரியாமல் காய்ச்சியவர்களின் கொப்பரைகள் வெடித்ததாக அங்கே கதைகள் உண்டு. உலகம் முழுக்கப் பெட்ரோல் பம்புகளில் மின்னும் எண்ணின் பூஜ்யம், ஒரு மரத்தின் பிசினில் கிடைத்திருக்கிறது!

ஆக, 91 என்றால் அந்தப் பெட்ரோலில் 91 சதவீதம் ஐசோ ஆக்டேன் இருக்கிறது என்று பொருளில்லை. 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நெருக்கத்தில் தட்டத் தொடங்குமோ, இதுவும் அங்கேதான் தட்டும். அவ்வளவே. இதைச் சோதிக்க 1920-களின் கடைசியில் வடிவமைத்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் வழித்தோன்றல்களைத்தான் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றைக்கும் வைத்திருக்கின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிலிண்டரை மேலும் கீழுமாக நகர்த்தி, நெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 600 ஆர்.பி.எம்.மில் மிதமாக ஓட்டி அளப்பது 'ஆராய்ச்சி ஆக்டேன்'. 900-ல், கூடுதல் சூட்டில் அளப்பது 'மோட்டார் ஆக்டேன்'. இந்தியாவில் பம்பில் போடுவது முதலாவது. அமெரிக்காவில் இரண்டின் சராசரி. அங்கிருக்கும் பிள்ளை "இங்கே 87தான் போடுறோம்" என்று சொன்னால் மட்டமான பெட்ரோல் என்று நினைத்துவிட வேண்டாம். அது நம்முடைய 91-க்கு ஏறக்குறைய சமம்.

சக்திக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆராய்ச்சி ஆக்டேன் 108-ஐ ஒட்டி வரும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இப்போது நம் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பொறுமை கூடியிருக்கிறது, ஆற்றல் குறைந்திருக்கிறது. இதற்கென வடிவமைக்காத கார்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது.

அப்படியானால் உயர்ந்த ஆக்டேன் எதற்கு? அதிகம் நெருக்கும் இன்ஜினுக்கு. நெருக்கம் கூடினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலையைக் கறக்கலாம். நெருக்கத்தைத் தாங்கும் பெட்ரோல் இருந்தால்தான் அப்படிப்பட்ட இன்ஜினைக் கட்டவே முடியும். 1940-ல் பிரிட்டன் வானில் நடந்த போரையொட்டி ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. அதனால் அவற்றின் மெர்லின் இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றில், வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான கூடுதல் அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க முடிந்தது. சக்தியைத் தந்தது அந்தத் திணிப்பு. பெட்ரோல் அதைப் பொறுத்துக்கொண்டது.

இந்த எண்ணை மலிவாகக் கூட்டப் போய் உலகம் கொடுத்த விலை பெரிது. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு விட்டாலே நாக்கிங் நின்றுபோவதைக் கண்டார். 1924-ல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டி, ஆபத்தில்லை என்றார் மிட்ஜ்லி. ஈயத்தின் கெடுதலை அவரே அறிந்திருந்தார், அதற்கு முன்பே அதனால் நோயுற்றவர் அவர். இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறியது 2000-ல். கடைசி நாடாக அல்ஜீரியா கைவிட்டது 2021-ல்.

நம் வண்டிக்கு வருவோம். ஸ்ப்ளெண்டர் கலவையைப் பத்து மடங்கு நெருக்குகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்பதரை மடங்கு. இவற்றுக்கு 91 போதும். 91-லேயே தட்டாத இன்ஜினில் 100-ஐ ஊற்றினால் தட்டாமல் இருப்பதைவிட அது வேறென்ன செய்துவிட முடியும்? எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் செருப்பு வாங்குவதுபோல்தான். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். கம்யூட்டர் பைக்குக்கு அந்தக் காசு வீண் என்பது என் தீர்ப்பு.

விதிவிலக்கு உண்டு. டர்போ கார்களிலும் நெருக்கம் கூடிய சில பைக்குகளிலும் இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் உட்கார்ந்திருக்கும். தட்டும் அதிர்வைக் கேட்டதும் அது சேதி சொல்லும், கணினி பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைக்கும், சக்தி கொஞ்சம் குறையும். இப்படிப்பட்ட வண்டிக்கு 95 போட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும், சித்திரை வெயிலில் மலையேறும்போது அதை உணரவும் முடியும்.

பிராண்டு? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எல்லா இடத்திலும் சுத்திகரிப்பு ஆலை இருப்பதில்லை. அதனால் எண்ணெய் நிறுவனங்கள் ஒருவர் ஆலையில் வந்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மணலி ஆலையின் பெட்ரோல் ஒரே நிறுவனத்தின் பங்கில்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அடிப்படைப் பெட்ரோல் எல்லோருக்கும் ஒரே தரநிலைக்கு உட்பட்டதுதான். பெயர் வைத்து விற்கும் பெட்ரோலில் கூடுதலாக இருப்பது அழுக்கு நீக்கும் சேர்மம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல சேர்மம் உள்ள பெட்ரோலும் குறைந்த அளவே உள்ள பெட்ரோலும் இன்ஜினின் இன்டேக் வால்வில் படியவிடும் கரியை அமெரிக்காவின் ஏஏஏ வாகன அமைப்பு 2016-ல் ஒப்பிட்டபோது, பின்னதில் சராசரியாக 19 மடங்கு அதிகம் படிந்திருந்தது. ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதுரக இன்ஜின்களில் அது இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே வால்வைக் கழுவும் வேலை நடக்காது.

என்னைக் கேட்டால், பிராண்டைவிடப் பங்கைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் கசிந்தால், ஓரளவுக்கு மேல் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல், கீழே இருப்பது எத்தனாலும் நீரும் சேர்ந்த, இன்ஜினுக்கு ஒவ்வாத கலவை. பம்பில் எந்தப் பெயர் இருந்தாலும் அதைப் போட்ட வண்டி நடுவழியில் நிற்கும். வாங்க வருவோர் அதிகமாக இருக்கிற, தொட்டி அடிக்கடி காலியாகி நிரம்புகிற பங்கு நல்லது.

அடுத்த முறை போவதற்கு முன் வண்டியின் கையேட்டையோ பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரையோ பாருங்கள். 91 என்றிருந்தால் 91 போடுங்கள். சந்தேகம் வந்தால் வடிதாளில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், நல்ல பெட்ரோல் கறையின்றி ஆவியாகும். அளவில் சந்தேகமா? ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளை இருக்கும். கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.