தற்காலிக மானேஜரும் நிலையான பதவியும்

உதைபந்தாட்டம் என்பது மைதானத்தின் வெள்ளைக் கோட்டிற்குள் மட்டும் நடைபெறும் விளையாட்டன்று. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதும், அவர்களைப் பயிற்றுவதும், எவர் எவ்விடத்தில் நின்று ஆடவேண்டும் என்று வகுப்பதும் ஆகிய பெரும்பணி, கோட்டிற்கு வெளியேதான் நடைபெறுகின்றது. இப்பணிக்குத் தலைவராய் இருப்பவரை இங்கிலாந்து தேசத்தார் மானேஜர் என்பர். கழகம் ஒன்று அடுத்தடுத்துத் தோல்வியுறுமாயின், ஆட்டக்காரர் அனைவரையும் ஒருங்கே நீக்குதல் இயலாதாகையால், மானேஜர் ஒருவரை நீக்குதலே வழக்கமாயிருக்கின்றது. நீக்கியபின், தக்க வேறொருவர் கிடைக்குமளவும், உதவிப் பயிற்சியாளரையோ இளைஞர் அணியைப் பயிற்றுபவரையோ தற்காலிகமாக அப்பதவியில் அமர்த்துவர். அவர் சில ஆட்டங்களில் வெற்றியும் பெற்றுவிட்டால், "இவரையே நிலையாக அமர்த்திவிடலாகாதா?" என்னும் கேள்வி எழுகின்றது. முன்னனுபவம் குறைந்த ஒருவரை அங்ஙனம் உயர்த்துதல் தகுமா, தகாதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

தகும் என்பார் கூறும் நியாயங்கள் எளிதில் தள்ளத்தக்கனவல்ல. அனுபவமுடையார் எவரும் ஒருகாலத்தில் அனுபவமில்லாதவராய் இருந்தவரே. பதவி கொடாமல் அனுபவத்தை எதிர்பார்த்தல், நீரில் இறங்காமல் நீச்சல் கற்கச் சொல்லுதலையொக்கும். அன்றியும், உள்ளேயிருந்து வருபவர் ஆட்டக்காரரின் குணாகுணங்களை அறிந்தவர். கழகத்தின் மரபை உணர்ந்தவர். அவரை அமர்த்துதற்குச் செலவும் குறைவு. ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனாக் கழகம் 2008ஆம் ஆண்டில், தன் இரண்டாம் அணியை ஓராண்டு மாத்திரம் நடத்தியிருந்த பெப் கார்டியோலாவைத் தலைமைப் பதவியில் அமர்த்திற்று. 2009ஆம் ஆண்டில் அக்கழகம் ஸ்பெயின் லீகையும், அரசர் கோப்பையையும், ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தையும் ஒருங்கே வென்றது. ஆகவே, அனுபவக்குறைவு ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவரை விலக்குதல் நீதியாகாது.

ஆயினும், தற்காலிக மானேஜரைப் பொறுத்தவரையில் வேறொரு சங்கடம் உளது. அவர் பெற்ற சில வெற்றிகள் அவருடைய திறமைக்கு எவ்வளவு தூரம் சான்றாகும் என்பதே அது. இதனை விளக்குதற்கு மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வரலாறு தக்க உதாரணமாகும். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கழகம் ஜோசே மொரீனியோவை நீக்கி, தன் பழைய ஆட்டக்காரரான ஓலே குன்னர் சோல்ஷேரைப் பருவம் முடியுமளவும் தற்காலிக மானேஜராக அமர்த்திற்று. அவர் நார்வேயில் மோல்டே கழகத்தையும், இங்கிலாந்து லீகில் சில மாதம் கார்டிப் கழகத்தையும் நடத்தியிருந்தவரேயாயினும், இத்துணைப் பெரிய கழகத்தின் பாரத்தைச் சுமந்தவரல்லர். அவருடைய முதல் 8 ஆட்டங்களும் வெற்றியாய் முடிந்தன. 2019 மார்ச்சில், சொந்த மைதானத்தில் 2 கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்த அவ்வணி, பாரிஸ் நகரத்தில் 3-1 என வென்று ஐரோப்பியப் போட்டியின் அடுத்த சுற்றுக்குச் சென்றது. 19 ஆட்டங்களில் 14 வெற்றி. ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. பருவம் முடியும்வரை பொறுத்திருக்க மனமில்லாத நிர்வாகிகள், மார்ச் 28ஆம் தேதி அவருக்கு 3 ஆண்டு ஒப்பந்தம் அளித்தனர். பின்னர் அப்பருவத்தில் எஞ்சியிருந்த 10 ஆட்டங்களில் அவர் வென்றவை 2, தோற்றவை 6. அவ்வாண்டு கீழ்ப்பிரிவிற்குத் தள்ளப்பட்ட கார்டிப் அணியிடமும் சொந்த மைதானத்திலேயே தோல்வி நேர்ந்தது.

அதே மனிதர், அதே அணி. இரண்டு மாதத்திற்குள் இத்தகைய மாறுதல் ஏன்? இதற்கு விடை காண்பது கடினமன்று. வழக்கமாக 60 மதிப்பெண் பெறும் மாணவன் ஒருவன், காய்ச்சலினாலோ வேறு காரணத்தினாலோ, ஒரு பரீட்சையில் 35 பெற்றான் என்று கொள்வோம். தந்தையார் வெகுண்டு ஆசிரியரை மாற்றுகின்றார். அடுத்த பரீட்சையில் அவன் மீண்டும் 60 பெறுகின்றான். புதிய ஆசிரியரைப் புகழ்வோர், அம்மாணவன் பழைய ஆசிரியரிடத்திலேயே இருந்திருந்தாலும் தன் இயல்பான நிலைக்குத் திரும்பியிருப்பான் என்பதை மறந்துவிடுகின்றனர். மானேஜர் நீக்கப்படுவது எப்பொழுதும் அணி மிகத் தாழ்ந்துள்ள வேளையிலேயேயாகும். அவ்வேளைக்குப்பின் ஓரளவு ஏற்றம் வருதல் இயல்பு. நெதர்லாந்து தேசத்து முதல்தர லீகில் 1986 முதல் 2004 வரை நிகழ்ந்தவற்றைப் பாஸ் டெர் வீல் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். மானேஜரை நீக்கிய கழகங்களையும், அதே விதமான தாழ்வுற்றும் நீக்காதிருந்த கழகங்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்ததில், இரு சாராரும் ஏறக்குறைய ஒரே விதமாக மீண்டெழுந்தனர் என்று கண்டார். தற்காலிக மானேஜரின் வெற்றிகளில் ஒரு பங்கு அவருடையதன்று, காலத்தினுடையது என்பது இதனாற் புலனாகின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. தற்காலிக மானேஜரின் பணி வேறு. நிலையான மானேஜரின் பணி வேறு. முன்னவர் சோர்ந்த உள்ளங்களைத் தேற்றி, முந்தியவர் விதித்த கட்டுப்பாடுகளைச் சிறிது தளர்த்தி, ஆட்டக்காரரை அவரவர்க்குப் பழகிய இடத்தில் நிறுத்தினாற் போதும். பின்னவரோ, எவரை விலைக்கு வாங்குவது, எவரை அனுப்பிவிடுவது, முதுமையடையும் ஆட்டக்காரருக்கு ஈடாக யாரை வளர்ப்பது என்பவற்றையெல்லாம் பல ஆண்டுகளை முன்னோக்கித் தீர்மானிக்கவேண்டும். நோயாளிக்கு உடனே வலியைத் தணிப்பவரெல்லாம் நெடுநாட் பிணியைத் தீர்க்க வல்லவர் என்று கொள்ளலாகாது. 2012ஆம் ஆண்டு மார்ச்சில் செல்ஸிக் கழகத்தின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்ற ராபர்ட்டோ டி மத்தேயோ, மே மாதத்தில் இங்கிலாந்தின் எப். ஏ. கோப்பையையும், மியூனிக் நகரில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தையும் வென்றுதந்தார். இதனினும் மேலான சான்று வேண்டுமோ என்று யாவரும் வியந்தனர். ஆனால் அதே பருவத்தில் லீக் வரிசையில் செல்ஸி பெற்ற இடம் 6. சில ஆட்டங்களில் உயிரைக் கொடுத்து நிற்பது ஒன்று. 38 ஆட்டங்களிலும் தளராது நிற்பது மற்றொன்று. ஜூன் மாதத்தில் 2 ஆண்டு ஒப்பந்தம் பெற்ற அவர், நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டார்.

இத்தகைய அவசரத்தினால் கெடுவது கழகம் மட்டுமன்று. உயர்த்தப்பட்ட மனிதருக்கும் அதனால் கேடு விளைகின்றது என்பதைப் பலர் கருதுவதில்லை. டாட்டன்ஹாம் கழகத்தில் இளைஞர் பயிற்சியைக் கவனித்துவந்த டிம் ஷெர்வுட், முன்னர் எந்த முதலணியையும் நடத்தியவரல்லர். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் தற்காலிகப் பொறுப்பேற்ற அவர், ஒன்றில் தோற்று ஒன்றில் வென்றவுடனே, அதாவது 2 ஆட்டங்கள் முடிந்த அளவிலேயே, 18 மாத ஒப்பந்தம் பெற்றார். அடுத்த மே மாதத்திலேயே விலக்கப்பட்டார். லெஸ்டர் நகரக் கழகத்தில் உதவியாளராயிருந்து நற்பெயர் பெற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர், 2017 பிப்ரவரியில் தற்காலிகப் பொறுப்பேற்று, முதல் 5 லீக் ஆட்டங்களையும் வென்றார். ஜூன் மாதத்தில் 3 ஆண்டு ஒப்பந்தம். அக்டோபர் மாதத்தில் நீக்கம். இருவரையும் அவ்வக்கழகம் மானேஜராக மட்டும் இழக்கவில்லை. முன்னைப் பதவியில் நன்கு பயன்பட்ட ஊழியராகவும் இழந்தது. ஏறுவதற்குப் படி இருந்தது. இறங்குவதற்குப் படி இல்லை. நல்ல உதவியாளரைத் தோற்ற தலைவராக்கி வெளியே அனுப்புதல், விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும்.

இங்ஙனமாயின் தற்காலிக மானேஜரை ஒருபோதும் உயர்த்தலாகாதா என்று கேட்கலாம். அவ்வாறு கூறுதற்கும் சரித்திரம் இடந்தரவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பரில் ரியல் மாட்ரிட் கழகம் ஜான் டோஷாக்கை நீக்கி, வின்செந்தே டெல் போஸ்க் என்பவரிடம் அணியை ஒப்புவித்தது. அவர் அக்கழகத்திலேயே ஆடியவர். ஆட்டத்தை விட்டபின் அதன் இளைஞர்களைப் பல்லாண்டு பயிற்றியவர். 1994இலும் 1996இலும் சிறிது காலம் முதலணியின் தற்காலிகப் பொறுப்பை ஏற்று, ஆரவாரமின்றித் தம் பழைய பணிக்குத் திரும்பியவர். அவர் காலத்தில் ரியல் மாட்ரிட் 2000இலும் 2002இலும் ஐரோப்பியப் பட்டத்தையும், 2001இலும் 2003இலும் ஸ்பெயின் லீகையும் வென்றது. பின்னர் 2010ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசம் உலகக் கோப்பையை வென்றபொழுது அதன் பயிற்சியாளரும் அவரே. அவருக்கு இல்லாதிருந்தது பதவியின் பெயரேயன்றிப் பதவிக்குரிய அறிவன்று.

எந்த முறையில் உயர்த்தவேண்டும் என்பதற்கு ஜெர்மனி தேசத்துப் பயர்ன் மியூனிக் கழகம் நல்ல வழியைக் காட்டுகின்றது. 2019 நவம்பரில், பிராங்க்பர்ட் அணியிடம் 5-1 எனத் தோற்றபின், அக்கழகம் நிகோ கோவாச்சை விலக்கி, உதவியாளரான ஹான்ஸி பிளிக்கை அமர்த்திற்று. ஜெர்மனி தேசிய அணியில் 8 ஆண்டு உதவியாளராயிருந்து உலகக் கோப்பை கண்டவரேனும், அவர் முதல்தர லீகில் எந்தக் கழகத்திற்கும் தலைமை தாங்கியதில்லை. நிர்வாகிகள் முதலில் அவருக்குச் சில ஆட்டங்களை மாத்திரம் கொடுத்தனர். பின்னர்க் கிறிஸ்துமஸ் வரை என்றனர். அதன்பின் பருவம் முடியும்வரை என்றனர். 2020 ஏப்ரல் மாதத்தில்தான் 2023 வரை நீளும் ஒப்பந்தம் அளித்தனர். ஒவ்வொரு படியிலும் நின்று நோக்கி அடுத்த படிக்கு ஏற்றினர். அவ்வாண்டு ஆகஸ்டில் லிஸ்பன் நகரில் பார்ஸிலோனாவை 8-2 என வென்று, இறுதியில் ஐரோப்பியப் பட்டத்தையும் பயர்ன் அணி கைப்பற்றிற்று.

கழகத்தைவிட்டுத் தேசிய அணியை நோக்கினும் இவ்வுண்மையே விளங்கும். காரெத் சௌத்கேட் 2006ஆம் ஆண்டில் மிடில்ஸ்பரோக் கழகத்தின் ஆட்டத் தலைவராயிருந்து நேரே அதன் மானேஜராக்கப்பட்டார். அப்பதவிக்கு வேண்டிய பயிற்சிச் சான்றிதழ்கூட அப்பொழுது அவரிடம் இல்லை. 2009ஆம் ஆண்டில் அக்கழகம் கீழ்ப்பிரிவிற்குத் தள்ளப்பட்டது, அவரும் பதவியிழந்தார். பின்னர் இங்கிலாந்தின் 21 வயதிற்குட்பட்டோர் அணியை 3 ஆண்டு பயிற்றி, 2016இல் தேசிய அணிக்குத் தற்காலிக மானேஜரானார். அவர் நடத்திய 4 ஆட்டங்களில் வெற்றி 2, சமநிலை 2; கண்ணைப் பறிக்கும் வெற்றிகளல்ல. ஆயினும் அவரை நேரில் வினாவி ஆராய்ந்தபின்னரே பதவியை உறுதி செய்தனர். 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அரையிறுதி வரையிலும், அதன்பின் இருமுறை ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரையிலும் அவர் இங்கிலாந்தை நடத்திச் சென்றார். ஒரே மனிதர் ஒருகால் வீழ்ந்ததும் பிறிதொருகால் நிலைத்ததும் இடையே கற்ற கல்வியினாலன்றோ?

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குங்கால், நமது கருத்து இதுவாகின்றது. அனுபவக்குறைவு விலக்கத்தக்க குற்றமன்று, அவசரமே குற்றம். தற்காலிக மானேஜரை அமர்த்தும் நாளிலேயே, தீர்மானம் பருவத்தின் முடிவில்தான் செய்யப்படும் என்று நிர்வாகிகள் வெளிப்படையாக அறிவித்தல்வேண்டும். நடுவில் எத்தனை வெற்றி வரினும் அச்சொல்லை மாற்றலாகாது. வெற்றியின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாமல், அது வந்த விதத்தையும் நோக்கவேண்டும்: எதிரணி தவறியதனால் வந்ததா, இவர் வகுத்ததனால் வந்ததா? வென்றபொழுது அவர் பேசும் பேச்சைவிட, தோற்ற மறுநாள் அவர் செய்யும் மாற்றம் மிகுதியாய்ச் சான்று பகரும். வெளியிலுள்ள தக்கார் சிலரோடு அவரை ஒப்பிட்டு, அவர்கட்கு இட்ட கேள்விகளையே அவருக்கும் இடுதல்வேண்டும். தேராவிடில் இகழ்ச்சியின்றிப் பழைய பணிக்குத் திரும்பலாம் என்னும் உறுதியையும் முதலிலேயே அளித்தல்வேண்டும். தேர்ந்தால், அனுபவமுள்ள ஓர் உதவியாளரைத் துணையாகக் கொடுத்து, சில தோல்விகளைக் கண்டு கலங்காமல் அவருக்குப் போதிய காலமும் தரல்வேண்டும். ஆராயாமல் அமர்த்துவதும், அமர்த்தியபின் பொறாமல் நீக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

இது விளையாட்டுத்தானே என்று சிலர் எண்ணலாம். ஆனால் கழகம் ஒன்று கீழ்ப்பிரிவிற்குத் தள்ளப்படின் அதன் வருவாய் குன்றும்; அலுவலகத்தார் முதல் மைதானத்துப் புல்லைப் பேணுவோர் வரையில் பலருடைய பிழைப்பும் அசையும்; தலைமுறை தலைமுறையாய் அக்கழகத்தைத் தமதென்று கொண்ட ஊரார் உள்ளமும் வாடும். இவ்வளவும் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் செயலைப் பொறுத்திருக்கின்றன. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடல் என அடுத்த அதிகாரமும் வகுத்திருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவரை அறிந்து நம்புவது ஒரு செயல். அவருக்கு ஏற்ற வினையில் அவரை அமர்த்துவது மற்றொரு செயல். இன்று விளையாட்டுச் சங்கங்களிலும் மாணவர் மன்றங்களிலும் பொறுப்பேற்கும் நம் இளைஞர், நாளை பெரிய ஸ்தாபனங்களில் பிறரைத் தெரிந்தெடுக்கும் நிலையை அடைவர். அப்பொழுது, நான்கு வெற்றிகளின் ஆரவாரத்தினிடையே, இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லும் துணிவு அவர்கட்கு இருக்குமாயின், அதனால் நிறுவனமும் பிழைக்கும்; அதற்கு உழைக்கும் நல்ல ஊழியரும் பிழைப்பர்.