எங்கள் முற்றத்தில் ஒரு கலியாணம்

“எந்த மண்டபம் பிள்ளை?”

கலியாணம் பொருந்திய நாளிலிருந்து என்னைக் காண்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி இதுவாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை யார், என்ன தொழில் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். “மண்டபம் இல்லை. எங்கட முற்றத்திலதான்” என்று நான் சொன்னதும் பலருடைய முகம் மாறுகிறது. கையில் காசு இல்லையாக்கும் என்று சிலர் இரக்கப்படுகிறார்கள். இது என்ன புதுப் பகட்டு என்று சிலர் சிரிக்கிறார்கள்.

உண்மையில் இதில் புதுமை எதுவுமில்லை. எங்கள் அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் இதே முற்றத்தில்தான் பந்தல் போட்டுத் தாலி கட்டினார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் கலியாணம் என்றால் வீட்டுக் கலியாணந்தான். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கட்டுப்பாடுகள் வந்தபோது பலர் மீண்டும் முற்றத்துக்கு வந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் வயலின் வாசிப்பவள். அதைக் கற்பித்துச் சீவிப்பவள். என் தொழிலும் என் தாயாரின் வாழ்க்கையுமே என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன. கலியாணத்துக்கு ஆயத்தமாகும் சகோதரிகள் யாருக்கேனும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவின் வயலின்

நான் வாசிக்கும் வயலின் என்னுடையதல்ல. அது அம்மாவின் வயலின். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் அம்மா நான்காம் தரம்வரை சித்தியடைந்தவர். கலியாணம் முடிந்தது, வயலின் பெட்டிக்குள் போனது. அப்பா ‘வாசிக்காதே’ என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். ‘வாசி’ என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அடுக்களை, பிள்ளைகள், மாமன் மாமியின் வருத்தம் என்று வருடங்கள் போய்விட்டன.

ஆனாலும் அவர் அதைக் கைவிடவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு நான்கு வயது. ஒரு கையில் என்னையும் மறு கையில் வயலின் பெட்டியையும் பிடித்துக்கொண்டு அம்மா நாவற்குழிப் பாலம் கடந்தார். “உடுப்பை விட்டிட்டு இதையேன் தூக்கினனி?” என்று அம்மம்மா ஏசினாராம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது வீட்டில் கதவு யன்னல்கூட இருக்கவில்லை. வயலின் இருந்தது. எட்டு வயதில் அது என் கைக்கு வந்தது.

பின்னர் மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் முறையாகப் பயின்றேன். 2008 இல் அப்பா காலமானபின் நான் கற்பித்த வகுப்புகளின் வருமானம் வீட்டுக்குத் தாங்கலாக இருந்தது. ஆகவே பேச்சுக்கால் வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: கலியாணத்துக்குப் பிறகு நான் வாசிக்கலாமா? இரண்டு பேச்சு அந்தக் கேள்வியோடு நின்றுபோனது. மூன்றாவதாக வந்தவர் ஒரு கணித ஆசிரியர். சங்கீதம் தெரியாதவர். “அவ கோயில்ல வாசிச்சதைக் கேட்டுத்தானே நான் இஞ்ச வந்தனான்” என்று தன் தாயாரிடமே சொன்னார். காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை என் சாதக நேரம், அந்நேரம் தேநீர் அவர் பொறுப்பு என்பதுவரை பேசிக்கொண்டோம். இப்படியானவற்றை எழுத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

கேட்டு வளர்ந்த இசை

வயலின் மேல்நாட்டிலிருந்து வந்த வாத்தியம். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்கள். நின்று, தோளில் வைத்து வாசித்த வாத்தியத்தை நிலத்திலே சம்மணமிட்டு, அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் முறை எங்களுடையது. எங்கிருந்து வந்தாலும் எங்கள் முற்றத்தில் இருந்து பழகினால் அது எங்கள் வாத்தியம்தான்.

உலகறிந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் சிறுபராயம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணா இங்கே வயலின் கற்பித்தவர். 1958 கலவரத்தின் பின்பு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அவருடைய வாசிப்பை இறுவட்டில் கேட்கும்போதெல்லாம், நாங்கள் இழந்தவற்றில் இதுவும் ஒன்று என்று நினைப்பேன்.

லால்குடி ஜெயராமனின் வயலின் எனக்குப் பாட்டாகவே கேட்கும். இளையராஜா 1986 இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மன் வாசித்த வயலினை எத்தனை இரவுகள் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சிங்கள இசையில் டபிள்யூ. டி. அமரதேவவின் பாடல்கள் பிடிக்கும். அவரும் முதலில் வயலின் கலைஞர்தான். லக்னோவில் இசை பயின்றவர். ஏ. கன்னியாகுமரியை நினைத்தால் ஒரு தெம்பு வரும். சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருது பாடகியரில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1968 இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு அது 2016 இல்தான் கிடைத்தது. அந்தப் பெண் கன்னியாகுமரி.

இத்தனையும் இருந்தும், கலியாணத்துக்கு எது வேண்டுமென்று கேட்டால் நாதஸ்வரமும் தவிலும் என்றுதான் சொல்வேன். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் கேட்ட மண்ணில் வேறென்ன சொல்வது?

மண்டபத்தில் மேளம்

நாதஸ்வரம் வெளியிலே வாசிப்பதற்கென்றே அமைந்த வாத்தியம். ஆச்சா மரக் குழலும் சீவாளியும் சேர்ந்து தரும் ஓசை, கோயில் வீதியில் ஒலிபெருக்கி இல்லாமலே நெடுந்தூரம் கேட்கும். அதைச் சுவரால் அடைத்த மண்டபத்துக்குள் வைத்து, முன்னால் மைக்கும் பிடித்தால், ஓசை சுவரில் மோதித் திரும்பி எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்துவார். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் நுட்பம் ஒருவருக்கும் விளங்காது.

அதைவிட வேதனையானது அவர்களை நடத்தும் விதம். நான் வாசிக்கப் போன கலியாணம் ஒன்றில், வீடியோக்காரர் கையைக் காட்டியவுடன் மேளகாரர் ஒரு இராகத்தின் நடுவில் நிறுத்தவேண்டி வந்தது. ஆலாபனை முடியவில்லை, சினிமாப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். வயதான அந்த நாதஸ்வரக்காரர் ஒன்றும் பேசாமல் சீவாளியைக் கழற்றித் துடைத்தார். கடைசிப் பந்தியில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. என் கலியாணத்தில் இது நடக்கக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மண்டபத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மேளத்துக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்தோம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். மாப்பிள்ளை வரும்போது கம்பீரநாட்டை, கூறை உடுத்து நான் வரும்போது ஆனந்தபைரவி, தாலிக்குக் கெட்டிமேளம், பின்பு கல்யாணியை விரும்பிய அளவு விரிக்கலாம், நிறைவுக்கு மத்தியமாவதி. மாமாவுக்காக ஒரு சினிமாப் பாட்டும் உண்டு: 1962 இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய அந்த ஆபேரி. மேளகாரருக்கு முதற் பந்தியில் இலை.

முற்றத்தை ஆயத்தப்படுத்தல்

முற்றத்துக் கலியாணத்துக்கு ஆசை மட்டும் போதாது. நாங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலிலிருந்து சில விடயங்களைத் தருகிறேன்.

முதலாவது, காலம். ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு மாரி, பந்தலை நம்பமுடியாது. ஆடியும் மார்கழியும் எப்படியும் விலக்கு. நாங்கள் ஆவணியில் காலை முகூர்த்தம் எடுத்திருக்கிறோம். முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் நிற்கும் வேம்பு காலை வெயிலை மறைக்கும்.

இரண்டாவது, காற்று. ஆவணியிலும் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். சமையற் பந்தலை அந்தப் பக்கம் போட்டால் புகை முழுவதும் சபைக்குள் வரும். அதனால் அடுப்புகளை வடகிழக்கு மூலைக்கு மாற்றினோம். மேளகாரரைக் காற்று வரும் பக்கம் இருத்தினால் ஓசை காற்றோடு சபைக்கு வரும்.

மூன்றாவது, கூரை. தகரப் பந்தல் வெயிலுக்குக் கொதிக்கும். மழை தூறினால் அதன் சத்தத்தில் வேறொன்றும் கேட்காது. நாங்கள் கிடுகுப் பந்தல் போட்டு உள்ளே வெள்ளை கட்டுகிறோம். கிடுகும் துணியும் தீப்பற்றக் கூடியவை. ஓமகுண்டத்துக்கு மேலே போதிய உயரம் விட்டு, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் தண்ணீரும் வைக்கவேண்டும்.

நான்காவது, சட்டமும் அயலும். ஒலிபெருக்கி பாவிப்பதானால் பொலிசாரிடம் அனுமதி எடுக்கவேண்டும். ஐயரின் மந்திரத்துக்கும் மாலை வாசிப்புக்கும் ஒரு சிறிய பெட்டி போதும். அதன் மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். வாகனம் விட அயல்வீட்டு வளவைக் கேட்டிருக்கிறோம்.

ஐந்தாவது, வந்தவர்களின் வசதி. முதியோருக்குக் கதிரை, கால் கழுவத் தண்ணீர், மேலதிகமாக ஒரு மலசலகூடம். இவற்றைச் சோடனைக்கு முன்பு பார்க்கவேண்டும். அழைப்பு நூற்றைம்பது பேருக்கு மட்டும். பலகாரச்சூட்டுக்கு அயற் பெண்களோடு மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கலியாணத்தின் பாரம் முழுவதும் பெண்களின் இடுப்பில் விழக்கூடாது அல்லவா? பாத்திரம் கழுவுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் பிடித்திருக்கிறோம்.

மாலையில் என் மாணவிகள் ஒரு மணித்தியாலம் வாசிப்பார்கள். அவர்களோடு நானும் ஒரு உருப்படி வாசிக்கப் போகிறேன். வெயிலில் வைத்தால் வயலினின் பசை விட்டுவிடும், சுருதியும் நில்லாது. ஆகவே பொழுது சாயும்வரை அது வீட்டுக்குள் இருக்கும். “பொம்பிளை கூறையோட இருந்து வாசிக்கிறதோ?” என்று சின்னம்மா கேட்டார். “கூறையை மாத்திப்போட்டு வாசிக்கிறன் சின்னம்மா” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முன்னுக்கு நிற்பது யார்?

இவற்றையெல்லாம் விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. அது அம்மாவைப் பற்றியது.

“நான் உள்ளுக்கு நிண்டு பாக்கிறன் பிள்ளை. சபை சந்தியில என்னை இழுக்காதை” என்று அம்மா முதல்நாளே சொல்லிவிட்டார். கணவனை இழந்தவர் மங்கல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று எங்கள் சமூகம் பழக்கிவைத்திருக்கிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை ஆயிரம் தாய்மார் தம் பிள்ளைகளின் கலியாணத்தைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பார்கள்! உழைத்து, படிக்கவைத்து, மாப்பிள்ளை தேடியது அவர்கள். ஆராத்தி எடுப்பது வேறு யாரோ.

எங்கள் வளவு அம்மாவின் சீதன வளவு. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின் சொந்த உடைமை. தன் சொந்த மண்ணில், தன் மகளின் கலியாணத்தில், உரிமைக்காரி ஒளித்து நிற்பதா? மண்டபம் என்றால் ‘அங்கே அவர்கள் ஒழுங்கு’ என்று சாட்டுச் சொல்லலாம். முற்றத்தில் எந்தச் சாட்டும் இல்லை. முற்றத்தை நான் விரும்பியதற்கு முதற் காரணம் இதுதான்.

ஐயரிடம் போய்க் கேட்டோம். “தாரை வார்க்க மாமனும் மாமியும் நிக்கட்டும். விளக்கேத்திறது, அறுகரிசி போடுறது எல்லாம் பெத்த தாய் செய்தா ஆர் மறிக்கிறது?” என்றார். மாப்பிள்ளையின் தாயாரும் வந்து அம்மாவின் கையைப் பிடித்து, “நீங்கள் நிக்காட்டி நானும் நிக்கேல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா விளக்கேற்றச் சம்மதித்திருக்கிறார். ஆராத்திக்கு இன்னும் வாய் திறக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. இத்தனை வருடம் பழக்கிய அச்சம் ஒரு வார்த்தையில் போகாது. ஆனால் சென்ற கிழமை பந்தல்காரர் வந்து கன்னிக்கால் எங்கே என்று கேட்டபோது, நாங்கள் ஒருவரும் வாய் திறக்குமுன் அம்மா படியிறங்கி வந்து இடத்தைக் காட்டினார்.

சகோதரிகளே, எல்லோருக்கும் முற்றம் இருக்காது. மண்டபத்தில் நடத்துவது பிழையுமல்ல. எங்கே நடத்தினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கலியாணத்தின் கடனை யார், எத்தனை வருடம் கட்டப் போகிறார்? உங்களை வளர்த்தவர் அன்று எங்கே நிற்பார்? நீங்கள் இதுவரை கற்றதும் செய்ததும் மறுநாளும் தொடருமா? இந்த மூன்றுக்கும் மனம் ஒப்பும் பதில் கிடைத்தபின் நாளை வையுங்கள். சோடனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.